கல்லடியில் ஒரு வளைவு

அக்கா,

இன்று காலை நெளுக்குளம் பக்கத்துப் பாதையில் சாணத்தை மிதித்துவிட்டேன். சுடச்சுடப் பச்சைச் சாணம். எனக்கு முன்னால் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் தன் வெள்ளைச் சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, "சீ! சனம் நடக்கிற பாதையில மாட்டை விடுறாங்களே!" என்று கத்தினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயா, மாடு நடக்கிற பாதையில எங்களை விட்டிருக்கினம்," என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் உங்களோடு கதைக்க வேண்டும் போலிருந்தது. அதுதான் எழுதுகிறேன்.

உங்களுக்கு முன்னால் ஒத்துக்கொள்ளாததை இப்போது ஒத்துக்கொள்கிறேன். பிழை என்னுடையதுதான். வவுனியா டவுன் நாலு பக்கமும் பெருத்துக்கொண்டிருந்த நேரம். நகரசபைக் கந்தோரில் வரைபடம் கீறுவது என் வேலை. இரண்டு குளங்களுக்கு நடுவே மருத மரமும் பற்றையும் தூர்ந்த வாய்க்காலுமாய்க் கிடந்த நிலத்தை நான் போய்ப் பார்க்கவேயில்லை. இருந்த கதிரையிலேயே "வெறுங்காணி" என்று எழுதிவிட்டேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு காணி விற்பவர் ஒருவர், தன்னுடையதென்று ஒரு காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டி, வீட்டுத் துண்டுகளாய்ப் பிரிக்க அனுமதி கேட்டார். கேட்ட கையோடு முட்கம்பியும் இழுத்துவிட்டார்.

அடுத்த நாளே நீங்கள் கந்தோருக்கு வந்தீர்கள். சேலையைத் தூக்கிச் செருகி, காலெல்லாம் சேறு.

"ஆரடி பிள்ளை உதில வெறுங்காணி எண்டு எழுதினது?"

"நான்தான் அக்கா. பதிவில ஒண்டும் இல்லை."

"இதால ஆர் போய் வாறவை எண்டு கேட்டனியோ? அந்தக் குளம் வத்தினா என்ர மாடு இந்தக் குளத்துக்கு எதால வாறது? உன்ர மேசையாலயோ? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதடி, பென்சில்காரி!"

கந்தோர் முழுக்கச் சிரித்தது. எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அன்று முதல் எல்லாருக்கும் நான் பென்சில்காரிதான்.

நீங்கள் விடாமல் முறையிட்டதால் இடம் பார்க்க அதிகாரிகள் வந்த நாளில், அது வாய்க்காலுக்கு ஒதுக்கிய நிலம் என்பதற்கு அடையாளம் கேட்டார்கள். இல்லாவிட்டால் பிரிக்க விட்டுவிடுவார்களாம். உங்கள் கையில் ஒரு கடதாசியும் இல்லை.

"கம்பியை ஒருக்கா அவிட்டு விடுங்கோ," என்றீர்கள். "ஒருதரும் தடி தூக்கப்படாது. வெள்ளைச்சிக்குப் பின்னால வாங்கோ."

காணிக்காரர் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார். "மாடு சாட்சி சொல்லப் போகுதாம்!"

பெரிய அதிகாரி சிரிக்கவில்லை. கம்பியை அவிழ்க்கச் சொன்னார்.

கிழட்டு வெள்ளைச்சி ஆடி அசைந்து முன்னே போனது. பின்னே மற்ற மாடுகள். அவற்றின் பின்னே கந்தோர்ச் சப்பாத்துகள். நேரே குளத்துக்குப் போகும் என்று நினைத்தேன். அது பாதி வழியில் திரும்பி, நாயுண்ணிப் பற்றைக்குள் தலையை விட்டு, எதிலோ கழுத்தை உரஞ்சத் தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு, அப்பப்பா, என்ன சுகம்! பற்றையை விலக்கிப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு கல். கழுத்துகள் பட்டுப் பட்டுக் கோயில் படி போல வழுவழுத்திருந்தது. நான் குந்தியிருந்து தடவினேன். மாட்டுக் கழுத்து எட்டாத அடிப்பக்கத்தில், நில அளவைக்காரர் கொத்திய அடையாளமும் இலக்கமும் அழியாமல் இருந்தன.

"ஐயா, எல்லைக்கல்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெள்ளைச்சியே விலகி ஓடியது.

அந்த இலக்கத்தை வைத்துக் கந்தோர் அலுமாரியின் அடியில் கிடந்த பழைய படத்தைத் தேடி எடுத்தேன்; வாய்க்காலுக்கு ஒதுக்கிய நிலமென்று அதிலேயே கீறியிருந்தது. ஒரு கல் மற்றக் கல்லைக் காட்டியது, அது அடுத்ததைக் காட்டியது. இரண்டு குளத்துக்கென்று தொடங்கிய தேடல் டவுனைச் சுற்றியுள்ள மூன்று குளங்களைத் தொடுத்துத்தான் நின்றது. முட்கம்பி கழன்றது. வென்றோம் அக்கா, வென்றோம்! அங்கே கல் இருப்பது தெரியுமா என்று உங்களைக் கேட்டேன். "கல்லுத் தெரியும். அது உங்கட கல்லெண்டு ஆருக்குத் தெரியும்?" என்று சேற்றுக் கையாலேயே என் கன்னத்தைக் கிள்ளினீர்கள்.

வாய்க்காலைத் தூர் எடுத்து, அதன் ஓரமாய் மாட்டுக்கும் சனத்துக்கும் பாதை திறந்த நாளில் நீங்கள் உயிரோடு இல்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் இப்போது வந்து பாருங்கோ. போன மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீர் ஒரு வீட்டு வாசலையும் மிதிக்காமல், தன் வாய்க்காலால் அடுத்த குளத்துக்கு ஓடியது. காலையும் பின்னேரமும் உங்கள் மகள் வெள்ளைச்சியின் வாரிசுகளைக் குளத்துக்குச் சாய்த்துக்கொண்டு வரும்போது, நடக்க வந்த சனம் விலகி நின்று வழி விடுகிறது.

பாதைக்குக் கிரவல் மண் போட வந்தவர்கள் கல்லைப் பிடுங்கிவிட்டுப் பாதையை நேராக்கப் பார்த்தார்கள். நான் போய் அதன் மேல் ஏறிக் குந்திவிட்டேன். எழும்பவில்லை. பாதைதான் வளைந்து போனது.

என் புதிய படம் கந்தோர்ச் சுவரில் தொங்குகிறது. மூன்று குளங்களையும் கோர்த்த பச்சைக் கோடு, நடுவில் சின்னதாய் ஒரு வளைவு. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை போன கிழமை அதைப் பார்த்துவிட்டு, "மிஸ், உதில உங்களுக்குக் கை நடுங்கிட்டுதோ?" என்று கேட்டாள்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "உதில வெள்ளைச்சி கழுத்து உரஞ்சினது."