அண்ணனின் ஐந்நூறு வாற்

யூன் 6, வெள்ளி

இதைத் திருத்தி அண்ணன் யாரோடு பேசப்போகிறார்? எனக்குத் தெரியாது. அவரைக் கேட்டால், "கேக்கிற ஆக்களோட" என்கிறார்.

கச்சான் காற்று. காலையிலிருந்தே வாய்க்குள் மணல். முன்னறை மேசையில் பழைய அம்பிளிபயர், மூடி கழற்றியபடி. தூரத்து ஆட்களோடு பேசும் வானொலிச் செற்றிலிருந்து வரும் நூறு வாற் மின்வலுவை ஐந்நூறாக்கி அன்ரெனாக் கம்பிக்கு அனுப்பும் பெட்டி. எழுபதுகளில் அண்ணன் தன் கையால் கட்டியது. சண்டை தொடங்கியதும் செற்றையும் அனுமதிப்பத்திரத்தையும் பொலிசில் ஒப்படைத்தார். இதை மட்டும் கழற்றி உமி மூட்டைக்குள் மறைத்தார்.

இப்போது சமாதானப் பேச்சு. போன மாதம் பத்திரமும் செற்றும் திரும்பி வந்தன. நிபந்தனை: அயலிலிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் இரண்டும் போகும், இனிக் கிடைக்காது.

அண்ணி செத்த பிறகு அவர் வாய் திறப்பதே குறைவு. பத்திரம் வந்த அன்று மறுசோறு கேட்டார்.

உள்ளே இரண்டாயிரம் வோல்ற். அவருக்கு ஒரு கண்ணில் புரை. தொட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பௌதிகவியல் படித்த குற்றத்துக்கு நான்தான்.

யூன் 7, சனி

விடுமுறை. விடைத்தாள் கட்டு திறக்கப்படவில்லை. மூடிக்குள் இன்னும் உமி மணம். பிழைகள்:

– வடிதடையி அறுந்தது. நிறுத்திய பிறகும், மின்னைச் சேமிக்கும் கொள்ளளவிகளில் அது வடியாமல் நிற்கும். ஆளைக் கொல்ல இது போதும்.
– இசைவிக்கும் தகடுகளுக்கிடையே உமித்தூள், எலிப்புழுக்கை.
– ரிலே முனைகளில் பச்சைக் களிம்பு. வாவி உப்புக் காற்று.
– வால்வு இரண்டும் நலம். அவற்றை நெல்லுக்குள் வைத்திருந்தாராம்.

மின்னழுத்தம் கூட்டும் நிலைமாற்றி, ஈரம் காயட்டும் என்று, புதன் முதல் முற்றத்து வெயிலில். கோழி ஏறி நிற்கிறது. "உமி ஈரத்தை இழுக்காதா அண்ண?" என்றேன். "மச்சு மேல கிடந்த உமி, தங்கச்சி. அதுக்கு எங்கால ஈரம்?" வெள்ளத்தில் கூரை ஒழுகிய வருடங்களை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

தட்டிலும் தகட்டிலும் தூரிகை, ஸ்பிரிற். புதுத் தடையிகள் ஆரையம்பதிக் கடையில் இல்லை, காத்தான்குடியில் கிடைத்தன.

அளவு பார்க்கும்போது ஒரு கை சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு கையும் உள்ளே போனால் மின் நெஞ்சின் வழியாகப் பாயும். அண்ணனுக்குச் சட்டையே இல்லை, சாரம் மட்டும். "அப்ப நான் எங்க கைய வைக்கிற?" "சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு அங்கால நில்லுங்க. அது அவிழாம இருந்தாலே பெரிய உதவி." சிரித்தார். சத்தமாக.

யூன் 8, ஞாயிறு

காய்ந்த நிலைமாற்றியைப் பூட்டி முதல் மின். நூறு வாற் மின்குமிழ் ஒன்றைத் தொடரில் போட்டு. குமிழ் மங்கினால் நலம், முழுதாக எரிந்தால் உள்ளே எங்கோ குறுஞ்சுற்று. முழுதாக எரிந்தது.

காலை முழுதும் தேடல். டயோட்டு வரிசைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு உமி, கரியாகி, மெல்லிய பாலம் போல. சவரஅலகு நுனியால் எடுத்தேன். குமிழ் ஒரு தரம் மின்னி மங்கியது. வால்வு இழைகள் வெளிச்சமாகின. அண்ணன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேநீர் போடப் போனேன்.

மாலையில் ஊர் முழுதும் விளக்குப் போட்டதும் வீட்டு மின் 230இலிருந்து 190 வோல்ற்றுக்கு இறங்கியது. வால்வு சோர்கிறது. மூடியைப் பூட்டிக் கொடுத்தேன், பகலில்தான் பேசலாம்.

எங்கள் வளவை ஒட்டிய கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று. வருடத்தில் ஒரு கிழமை மட்டும் திறக்கும். குழாய் ஒலிபெருக்கி, அன்ரெனாக் கம்பி கட்டிய எங்கள் பின்வளவுத் தென்னையைப் பார்த்தபடி.

யூன் 9, திங்கள்

பள்ளிவிட்டு வந்ததும் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கோயிலுக்கு இழுத்துப் போனா. நான் கும்பிடுவதில்லை என்று தெரியும், துணைக்கு. அவவின் மகன் தொண்ணூறில் வேலைக்கென்று வவுணதீவுப் பக்கம் போனவன். வரவில்லை.

பூசை முடிந்து உருவேறியவர் அம்மனின் வாக்காகக் கட்டுச் சொல்லும் நேரம். ஒவ்வொருவராக அம்மனிடம் கேட்பார்கள். அக்கா கேட்டா: "என்ட மகன் இரிக்கானா தாயே?" உருவேறியவர் வாய் திறக்குமுன் ஒலிபெருக்கி பேசியது.

தாரா கத்துவது போல ஒரு குரல். சொல் ஒன்றும் விளங்கவில்லை. மூன்று தரம், ஒரு இடைவெளி, பிறகும் மூன்று தரம்.

"அம்மன் பேசுறா!" என்றார் யாரோ. பறை நின்றது. அக்கா மண்ணில் விழுந்து கும்பிட்டா.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும். வானொலியில் மூன்று தரம் அழைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. மைக்கின் நீண்ட வயர் அன்ரெனாவாகி அண்ணனின் ஐந்நூறு வாற்றையும் விழுங்கியிருக்கிறது.

வீட்டுக்கு ஓடிப்போய் நிறுத்தினேன். அண்ணன்: "என்ன, யாரும் கேட்டாங்களா?"

யூன் 10, செவ்வாய்

அக்கா நேற்று முதல் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. மகன் இருக்கிறான் என்று அம்மன் மூன்று தரம் சொன்னாவாம். கடைசி நாள் குளிர்த்திச் சடங்கு முடியும்வரை நோன்பு. அவவுக்குச் சீனி வருத்தம், பட்டினி கிடக்கக் கூடாது.

பேசாமல் இருந்தால் பத்திரம் தப்பும். அண்ணனிடம் சொன்னேன். செற்றின் அலைவரிசைக் குமிழைத் திருப்பிக்கொண்டிருந்தார், செற் நிறுத்தித்தான் இருந்தது. "போய்ச் சொல்லு தங்கச்சி. அந்த மனிசி செத்துப் போயிரும்."

முதலில் அக்காவிடம். சுருக்கமாக, வானொலி அலை மைக் வயரில் ஏறியதைச் சொன்னேன். முழுதும் கேட்டா.

"அப்ப அது உன்ட அண்ணன்ட குரலா?"

"ஓம் அக்கா."

"அவர் என்ன சொன்னவர்?"

"யாராவது இரிக்கீங்களா எண்டு கேட்டவர்."

"அம்மன் உன்ட அண்ணன்ட வாயால பேசப்படாதா புள்ள?"

கஞ்சி ஊற்றி நீட்டினேன். வாங்கிக் குடித்தா.

பிறகு கோயில் பொறுப்பாளரான வண்ணக்கரிடம் சொன்னேன். சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"சந்தியில நிக்கிற ஆமிக்காரனும் கேட்டுப்போட்டுக் காலையில வந்து விசாரிச்சவன், டீச்சர். நான் என்னத்தச் சொல்ல? அம்மனெண்டா, உங்கட அண்ணனெண்டா?"

"அண்ணன் எண்டு சொல்லுங்க."

"சொன்னா முறைப்பாடு எண்டு எழுதுவான். அதோட உங்கட பெட்டி போகும்." மூக்கைச் சொறிந்தார். "இது திரும்ப வராம செய்ய ஏலுமா? ஏலுமெண்டா நாளைக்குச் செய்து காட்டுங்க. ஒரு சத்தம் வந்தாலும் நானே எழுதிக் குடுப்பன்."

இரவே இரண்டு சின்னக் கொள்ளளவிகளைப் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கி வைத்தேன். எங்கள் அம்பிளிபயரை நிலத்தோடு இணைக்கும் நிலக்கம்பியைச் சுற்றி மண் சாம்பல் போலக் காய்ந்திருந்தது. அண்ணன் உப்புக் கரைத்து இரண்டு வாளி ஊற்றினார். போதுமா என்று நிச்சயமில்லை.

யூன் 11, புதன்

அரை நாள் விடுப்பு. மதியப் பூசைக்கு முன் கோயிலில். மைக் வயரைப் பாதி நீளமாக வெட்டினேன், அது அம்பிளிபயருக்குள் நுழையும் இடத்தில் அலையை நிலத்துக்கு இறக்கக் கொள்ளளவிகளைப் பற்றவைத்தேன், அவர்களுடைய அம்பிளிபயருக்கும் நிலக்கம்பி அடித்தேன். ஒலிபெருக்கிக்காரர்: "டீச்சர், இதுக்குக் காசு கேக்க மாட்டீங்கதானே?"

வண்ணக்கர் வேலியோரம் நின்று வெள்ளைச் சால்வையை ஆட்டினார். பேசத் தொடங்கலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். வாசலில் நின்ற அண்ணன் உள்ளே போனார். மைக் திறந்திருந்தது. குழாயில் காற்றின் இரைச்சல் மட்டும். வண்ணக்கர் தலையைச் சாய்த்துக் கேட்டார். எங்கள் வீட்டுக்குள்ளிருந்து, யன்னல் வழியாக, அண்ணன் சத்தம் போட்டு அழைப்பது காதுக்கே கேட்டது. ஒலிபெருக்கியில் ஒன்றுமில்லை.

"சரி டீச்சர்," என்றார். "ஆமிக்காரனிட்ட கோயில் வயர்ப் பிழை எண்டு சொல்லுறன். அதுவும் பொய்யில்லத்தானே."

பாக்கியம் அக்கா குழாய்க்குக் கீழே, மணலில் உட்கார்ந்திருந்தா. எப்போது வந்தா என்று கவனிக்கவில்லை.

"இப்ப அவர் கதைக்கிறாரா புள்ள?"

"ஓம்."

"இதில ஒண்டும் கேக்கல்லியே."

"இல்ல அக்கா. இனிக் கேக்காது."

பற்றவைக்கும் இரும்பு ஆற வேண்டியிருந்தது. அதுவரை நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்பு ஆறிய பிறகும் அவ எழும்பவில்லை.