ஆண்டவன் வீடும் உன் பாதிக் கதையும்

இன்று காலை வாளிக்குள் நிலம் துடைக்கிற மருந்தை ஊற்றினேன். அந்தப் பைன் மணம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது; கூடவே வாயில் ஒரு கெட்ட வார்த்தையும் வந்தது. தேவாலயத்துக்குள் நிற்கிறேனே என்று விழுங்கிவிட்டேன்.

உன் முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார் உன் மனைவி. "அண்ணை, நீங்கள்தானே அவரோட ஒன்பது வருஷம் சேர்ச்சில கிளீனிங் செய்தனீங்கள்." மற்றவர்கள் உன்னைப் பண்பாளர், அறிவாளி என்று எழுதுவார்கள். அறிவாளிதான். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு, ரொறன்ரோவில் உன்னைவிடப் பெரிய தலையிடி வாய்த்ததில்லை.

என் மனைவியின் நெஞ்சு ஒப்பரேஷனுக்கு முதல் நாள். வேலை முடிந்து, தேவாலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். பிள்ளையாரைக் கும்பிடுகிறவன்தான், அன்று எந்த வாசல் திறந்திருந்தாலும் நுழைந்திருப்பேன்.

"என்ன மச்சான், கட்சி மாறியாச்சோ?" என்றாய்.

"ஓம், இஞ்சதான் உன்ர சத்தம் குறைவு."

நீ விடவில்லை. "சேர்ச் எண்ட சொல்லே இரவல், தெரியுமோ? கிரேக்கச் சொல். ஆண்டவன்ர வீடு எண்டு கருத்து. ஜேர்மானியச் சனம் கிறிஸ்தவ வேதத்துக்கு மாற முந்தியே அதை எடுத்திட்டுதாம். ஏன் சொல்லு பாப்பம்? கொள்ளையடிக்கப் போன கட்டடத்துக்கு ஒரு பேர் வேணுமே! நீயும் உவங்களைப் போலதான். நம்பி வரேல்லை, எடுக்க வந்தனீ."

சிரித்தேன். நான் எதற்கும் சிரிக்கிறவன். ஆனால் எழும்பிவிட்டேன்; கேட்க வந்ததைக் கேட்கவில்லை. மனைவி பிழைத்துவிட்டாள். அவளுக்கு ஏதும் ஆகியிருந்தால், கேட்காமல் எழும்பிய என்னையும் விட்டிருக்க மாட்டேன், உன்னையும் விட்டிருக்க மாட்டேன்.

அதன் பிறகும் இரண்டு வருடம் ஒன்றாகத்தான் துடைத்தோம். போன கிழமை உன் மகள் உன் புத்தகமொன்றைக் கொண்டுவந்து காட்டினாள். "அங்கிள், அப்பா இந்த இடத்தை ரெண்டு தரம் அண்டர்லைன் பண்ணியிருக்கிறார், பாருங்கோ." என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அந்தக் கொள்ளைக்காரரின் வழி வந்தவர்கள் பிறகு அதே பெயரைச் சொல்லிக்கொண்டே அங்கே கும்பிடப் போனார்களாம். தெரிந்துகொண்டேதான் பாதியோடு நிறுத்தியிருக்கிறாய், படுபாவி.

இப்போதும் வேலை முடிய அந்த வாங்கில் போய் இருக்கிறேன். கண்ணை மூடினால் கடவுளுக்கு முன்னால் நீ வந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாய். மன்னித்துவிட்டால் போய்விடுவாய் என்று தெரியும். இன்னும் மன்னிக்கவில்லை.