பெட்டியைக் கண்டால் ஆகாத சிட்டு

இன்று காலை மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றேன். கடைப் பெண் அலமாரியிலிருந்து எதையோ எடுக்கப் போக, ஒரு ஸ்பிரிட் பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாகத் தொப்புளுக்கு மேல் போய் நின்றது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, உடம்பு மறக்கவில்லை. நீ வயிற்றில் பஞ்சைத் தேய்த்துவிட்டு, "மூச்ச இழுத்துப் புடி, சுவத்தப் பாரு" என்பாய். நான் சுவரைப் பார்க்க மாட்டேன், ஊசியைத்தான் பார்ப்பேன். "உன்னை மாதிரி இன்னொரு நோயாளி வந்தா நான் வேலையையே வுட்டுட்டு ஓடிடுவேன்டி" என்று திட்டிக்கொண்டே குத்துவாய்.

நீ போய் இரண்டு மாதமாகிறது. அழுது முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டவை மட்டும் பாக்கி இருக்கின்றன. அதற்காகத்தான் இந்த மடல்.

அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் நாம் இருவரும் ஒரே வீட்டில் குடியிருந்த காலம். எண்பதுகளின் தொடக்கம். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ், நான் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட். முன்பக்கம் வீட்டுக்காரர் குடும்பம், பின்பக்கம் நாம். நான் வந்து சேர்ந்த முதல் நாளே கொல்லையில் மூன்று நாய்கள் நின்றன. "இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டேன். "யாரோடதும் இல்ல. அதனாலதான் இங்க நிக்குது" என்றாய்.

மாற்றலாகிப் போகிறவர்கள் விட்டுவிட்டுப் போன நாய்கள், லாரியில் அடிபட்டவை, குட்டியிலேயே சாக்கில் கட்டித் தூக்கிப் போடப்பட்டவை, எல்லாம் எப்படியோ உன்னிடம் வந்து சேர்ந்துவிடும். நீ புண்ணுக்கு மருந்து போட்டு, தேற்றி, வீடு தேடிக் கொடுப்பாய். கொடுக்கும்போது பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றின் குணத்தையும் எழுதித் தருவாய். செவலை இடதுகால் செருப்பை மட்டும்தான் தூக்கும். வெள்ளைக்குட்டி கொட்டாங்கச்சியில் ஊற்றினால்தான் தண்ணீர் குடிக்கும். மொட்டைவாலன் திட்டு வாங்கினால் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ளும், இரண்டு முறை பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். படித்தவர்கள் சிரிப்பார்கள். உனக்குக் கோபம் வரும். "இதத் தெரிஞ்சிக்காம வளத்தா நாலு நாள்ல தொரத்திடுவாங்கடி" என்பாய்.

சிட்டு அப்படி வந்தவள்தான். ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு குடும்பம் வடக்கே மாற்றலாகிப் போனபோது அவளைக் கேட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. கரிய நாட்டு நாய், ஒரு காது மடிந்தே இருக்கும். பூட்டிய கேட்டுக்கு வெளியே எட்டு நாள் கிடந்தவளை நீ தூக்கிக்கொண்டு வந்தாய். நம்மிடம் வந்தபின் எல்லோரிடமும் சாது. பால்காரரின் சைக்கிளுக்குப் பக்கத்தில் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பி வருவாள். பட்டாசுக்குக்கூடப் பயப்பட மாட்டாள். ஆனால் யாராவது பெட்டியைத் தூக்கினால் மட்டும் நடுங்குவாள். எனக்கு அது தெரியவில்லை. உனக்கும் அப்போது தெரியாது.

பொங்கலுக்கு முந்திய நாள். செந்துறைக்கு, என் வீட்டுக்குப் போக, தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி இறங்கினேன். சிட்டு குறுக்கே வந்து நின்றாள். "தள்ளு" என்று காலால் ஒதுக்கினேன். பெட்டியின் கைப்பிடியைக் கவ்வ வந்தவள் என் புறங்கையைக் கவ்விவிட்டாள். இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டன. நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

நீ டியூட்டி முடிந்து வந்தபோது வீட்டுக்காரர் கையில் உலக்கை இருந்தது. இன்னும் இரண்டு பேர் கழியோடு கொல்லையில் நின்றார்கள். சிட்டு விறகு அடுக்குக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தாள். நீ பையைக் கீழே போட்டுவிட்டு நேராகப் போய் அவர்களுக்கும் நாய்க்கும் நடுவில் நின்றாய்.

"நகரும்மா. மூணு வயசுப் பேத்தி இருக்கா என் வூட்ல" என்றார் வீட்டுக்காரர். அவர் கெட்ட மனிதர் இல்லை.

"ஐயா, இத அடிச்சுட்டீங்கன்னா இதுக்கு வெறி இருந்துதா இல்லையான்னு தெரியாமயே போயிடும். பத்து நாள் கட்டிப் போட்டுப் பாக்கணும். இது உசுரோட இருந்தா இவ பொழைச்சான்னு அர்த்தம். நாய் சாவக் கூடாதுங்க. இவளுக்காகக் கேக்குறேன்."

"வெறிநாய எங்க வூட்ல கட்டி வெப்பியா நீ?"

"நான் கட்டுறேன், நானே சோறு வெக்கிறேன். உங்க பேத்தி பத்து நாளு கொல்லப்பக்கம் வர வேணாம். இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா மொத ஆளா நானே வந்து சொல்லுறேன்."

உலக்கை கீழே இறங்கியது. "பத்து நாளுதான். அதுக்கப்புறம் இந்த மாசத்துக்குள்ள நாயி போவணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் காலி பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிட்டுவை முருங்கை மரத்தில் இரட்டைக் கயிற்றால் கட்டினாய். என் கையைக் குழாயடியில் பிடித்துச் சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவினாய். ஊர்ப் பயணத்தை விடச் சொல்லி, அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாய். அன்று ஆரம்பித்தது தொப்புளைச் சுற்றி ஊசி, தினம் ஒன்று.

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. அந்த நாட்களில் எனக்கு நீயும் பிடிக்கவில்லை, உன் நாயும் பிடிக்கவில்லை. அவர்கள் அடித்துக் கொன்றிருக்கலாம் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன். எழுந்ததும் தம்ளரில் தண்ணீர் எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்ப்பேன். குடிக்க முடிகிறதா, தொண்டை இழுக்கிறதா என்று பயந்து பயந்து ஒரு வாய் குடிப்பேன். உள்ளே இறங்கியதும் அழுகை வரும். நீ கதவோரம் நின்று பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நகர்ந்து போவாய்.

ஒரு நாள் கேட்டேன். "ஒரு நாய்க்காக ஏண்டி இப்படி மல்லுக்கு நிக்கிற?"

அன்றுதான் அந்த மனிதரைப் பற்றிச் சொன்னாய். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் வார்டுக்கு வந்தவர், கரும்பு வெட்டப் போன இடத்தில் நாய்க்கடி பட்டவர். கடித்த நாயை ஊரே சேர்ந்து அடித்துப் புதைத்துவிட்டது. நாய்தான் செத்துவிட்டதே என்று அவரும் மூன்று ஊசியோடு நிறுத்திவிட்டார். கடைசியில் வெறிநோய் கண்டு, மின்விசிறிக் காற்றைக்கூட அவரால் தாங்க முடியவில்லை. "அவரு கையப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்டி. 'நாயத்தான் கொன்னுட்டாங்களேம்மா, எனக்கு எப்படி வந்துச்சு?'ன்னு கேட்டாரு" என்று சொன்னாய்.

ஐந்தாம் நாள் சிட்டு சோற்றைத் தொடவில்லை.

காலையில் வைத்தது அப்படியே இருந்தது. மதியம் நீ டியூட்டிக்கு நடுவில் ஓடிவந்து பார்த்தாய். அப்படியே இருந்தது. தண்ணீர் குடித்தாள், ஆனால் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நடுங்கினாள். சொன்ன வார்த்தைப்படி நீயே வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னாய். அவர் பேத்தியை அழைத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். பால்காரர் தெருவிலேயே நின்று செம்பைக் கேட்டார். நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தேன்.

நீ முருங்கை மரத்துக்கு எதிரே மண்ணில் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். அவளைப் பார்க்கவில்லை. அவள் பார்க்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு திரும்பி என்னைக் கேட்டாய். "அந்தப் பெட்டிய எதுக்கு எடுத்து வெச்ச?"

முந்திய இரவு பயத்தில் நான் மறுபடி பெட்டி கட்டியிருந்தேன். செத்தாலும் அம்மாவிடம் போய்ச் சாகலாம் என்று. துணியெல்லாம் அடுக்கி, கொல்லை வாசற்படியில் தயாராக வைத்திருந்தேன்.

"அதத் தொற" என்றாய். "எல்லாத்தையும் எடுத்துக் கொடியில போடு."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் செய்தேன். ஒவ்வொரு புடவையாக உதறிக் கொடியில் போட்டேன். காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வெளியே வந்தபோது சிட்டுவின் நடுக்கம் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் என் புடவைகளையே பார்த்தாள். பிறகு குனிந்து, காய்ந்துபோன அந்தச் சோற்றைத் தட்டு சுத்தமாகும் வரை தின்றாள்.

நீ சிரித்தாய். அப்புறம் அழுதாய். எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு நாள் பூட்டிய கேட்டில் கிடந்தவளுக்குப் பெட்டி என்றால் என்னவென்று தெரியும். அவள் என்னைக் கடிக்க வரவில்லை, போகாதே என்று சொல்ல வந்தாள். அன்று மாலை முதல்முறையாக நானே அவளுக்குத் தண்ணீர் வைத்தேன். கயிறு எட்டும் தூரத்துக்குள் போய் வைத்தேன்.

பத்தாம் நாள் சிட்டு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளினாள். டாக்டர் இனி ஊசி வேண்டாம் என்றார். வீட்டுக்காரர் திரும்பி வந்து கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சு" என்றார். ஆனால் கெடு மாறவில்லை. மாதம் முடிய இரண்டு வாரம்கூட இல்லை.

"கடிச்சத சொல்லாதடி. சொன்னா யாரு எடுப்பா?" என்றேன்.

"மறைச்சுக் குடுத்தா ஒரு நாள் தெரியும். அன்னிக்கு உலக்கைக்கு முன்னாடி நிக்க நான் அங்க இருக்க மாட்டேன்" என்றாய். "கொறைய மொதல்ல சொல்லணும். நல்லத அவங்களே கண்டுபுடிச்சுக்குவாங்க."

ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலங்களிலும் பஸ் ஏறினோம். தா.பழூரில் ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், கடித்த கதையைக் கேட்டதும் தம்ளரை வாங்கி வைத்துக்கொண்டார்கள். செந்துறையில் என் அண்ணனே முடியாது என்றான். விக்கிரமங்கலத்தில் ஒரு விவசாயி சம்மதித்து ஓட்டிப் போனார். நான்கே நாளில் சம்பந்தி வீட்டார் பெட்டி படுக்கையோடு வந்து இறங்க, சிட்டு போட்ட ரகளையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். "நீங்க சொன்னீங்கம்மா, நாந்தான் லேசா நெனைச்சுட்டேன்" என்று அவர் சொன்னபோது நீ அவரைக் கோபிக்கவில்லை. அன்றைக்கே அடுத்த வீட்டைத் தேடக் கிளம்பினாய்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது ஜமீலாவைச் சொன்னாய். லெப்பைக்குடிகாட்டுப் பெண், மாமியாரின் கால் புண்ணுக்காக உன் வார்டில் இருந்தவள். வெள்ளாற்றுப் பக்கம் தென்னந்தோப்பு. காய் களவு போகிறது என்று சொல்லியிருக்கிறாள். நாயைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். உன் வார்டில் மனைவிக்குப் பிரசவமான ஒரு லாரிக்காரர் கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் வழியாகப் போவதாகச் சொன்னார். சிட்டுவை நடுவில் வைத்து நாம் இருவரும் முன்னால் உட்கார்ந்து போனோம்.

"வூட்டுக்குள்ள வுட மாட்டோம் அக்கா. தோட்டக் காவலுக்குன்னா எங்க மார்க்கத்துல எடம் இருக்கு. தோப்புல கொட்டாய் போட்டு வெச்சுக்குறோம்" என்றாள் ஜமீலா.

நீ ஆரம்பித்தாய். இவள் என்னைக் கடித்ததை, என் கையைத் தூக்கித் தழும்போடு காட்டினாய். பிறகு சொன்னாய். "பெட்டியக் கண்டா இதுக்கு ஆவாதும்மா. யாராச்சும் பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புனா தாங்காது. உங்க வூட்டுக்காரர் சவூதியில இருக்காருன்னு சொன்ன. அவரு வந்து போறப்ப இத முன்னாடியே வேற பக்கம் கட்டிடணும்."

ஜமீலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கீழே உட்கார்ந்து சிட்டுவின் மடிந்த காதைத் தொட்டாள்.

"எனக்கும் ஆவாதுக்கா" என்றாள். "இது இருக்கட்டும். போங்க."

எந்த நாயைக் கொடுத்தாலும் செய்வதுபோல, கொடுத்த முப்பதாம் நாள் நீ போய்ப் பார்த்துவிட்டு வந்தாய். தோப்பில் தேங்காய் குறையவில்லை, சிட்டுதான் பெருத்துவிட்டாள் என்றாய். சிட்டு அந்தத் தோப்பில் பதினோரு வருஷம் இருந்தாள்.

அப்புறம் உனக்குக் கல்யாணமாகித் திருச்சி போனாய். எனக்கும் அரியலூரிலேயே வாழ்க்கை அமைந்தது. எவ்வளவு பேசியிருக்கிறோம். ஆனால் அந்த ஐந்து நாள் நான் உன்னை வெறுத்ததை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்கு அன்றே தெரிந்திருக்கும். தெரிந்துதான் தினமும் ஊசி போட்டாய்.

உன் காரியத்துக்கு வந்தபோது உன் மகள் பீரோவைத் திறந்து வைத்து, "அம்மா ஞாபகமா ஏதாவது எடுத்துக்குங்க பெரியம்மா" என்றாள். கொல்லையில் நின்ற இரண்டு நாய்களைக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இளையதற்குப் போன மாதமே வீடு கிடைத்துவிட்டது. மற்றது கிழடு, காது சுத்தமாகக் கேட்காது. ஏழு வீடு ஏறினேன். ஏழு பேரும் வேண்டாம் என்றார்கள். எனக்கு முழங்கால் வலி, என் கணவருக்கு நான் அலைவது பிடிக்கவில்லை. ஆனாலும் விடுவதாக இல்லை.

நேற்று தா.பழூரில் அரிசி மில் வைத்திருக்கும் ஓர் அம்மா போன் செய்தார். மில் சத்தத்துக்கு எந்த நாயும் அங்கே தங்குவதில்லையாம். "செவிடுன்னா எங்களுக்குத் தோதுதாங்க. கடிக்குமா?" என்று கேட்டார்.

"தூங்கும்போது பின்னாலேருந்து தொட்டாக் கடிக்குங்க" என்றேன்.

அதோடு நிறுத்திக்கொண்டேன், நல்லதாக எதையும் சேர்த்துச் சொல்லவில்லை.

"சரி, நாங்க முன்னால வந்து தொட்டுக்குறோம். கூட்டியாங்க" என்றார்.

நாளைக் காலையில் கிளம்புகிறேன். முப்பதாம் நாள் மறுபடியும் போவேன்.