ஒரு ஆளுக்கு ஒரு ஜீப்

அன்புள்ள அம்மாவுக்கு,

புனேயில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளில் யார் எதில் போகிறார்கள் என்று காட்ட நான் எழுதிய ஆப்பில் சின்னப் பிசகு. தினமும் நீங்களெல்லாம் ஜீப் மாறுவது தெரிந்தும், வேலை சுலபமென்று ஒரு ஆளுக்கு ஒரே ஜீப் என்று வைத்துவிட்டேன்.

ஜீப் கவிழ்ந்த அன்று, ஆப்பின் பட்டியலில் அந்த ஜீப்புக்கு நேரே உங்கள் பெயர் இருந்தது. அதனால்தான் போன் போட்டு, “சாப்டீகளாம்மா?” என்று மட்டும் கேட்டேன். செத்துப்போன பூமாரி அத்தை வேறு ஜீப்பில் இருப்பதாகக் காட்டியது. “அத்தை பத்திரமா இருக்காக” என்று நான்தான் அவர் மகள் சுபாஸ்ரீயிடம் சொன்னேன். அவள் அம்மாவுக்குச் சோறு வடித்துவைத்துக் காத்திருந்தாளாம்.

இப்போது திருத்திவிட்டேன். ஒருவர் எத்தனை ஜீப்பில் ஏறினாலும், ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏறினாலும் தேதியோடு பதிவாகும். இருந்தாலும் காலையில் எந்த ஜீப்பென்று எனக்குப் போனில் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். சுபாஸ்ரீ கேட்டால், அந்தப் பட்டியலைச் செய்தது யார் என்று சொல்லிவிடாதீர்கள்.

வினோத்ராஜ்