தப்பாகச் சொன்ன வேர்ச்சொல்

இன்று டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் ஒரு கடையில் காபிக்கொட்டை அரைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நின்றுவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிளாஸ்க்கில் காபியோடு இந்தக் கடையைத் தாண்டித்தான் ஓடிவருவேன்.

அதற்கு வெகுகாலம் முன்பு, கரோல் பாக் மொட்டைமாடி அறையில் நாம் அறைத்தோழிகள், இரண்டு குமாஸ்தாக்கள். ஆபீஸ் முடிந்து வந்து ஆங்கில எம்.ஏ.வுக்குப் படித்தோம். அரிசி களைந்துகொண்டே லத்தீன் வேர்ச்சொற்களை ஒப்பித்தோம். 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது, 'ரப்ட்' என்றால் உடைப்பது, 'ஸ்க்ரிப்' என்றால் எழுதுவது. பாடத்தில் வந்த ஒவ்வொரு இலக்கிய இயக்கத்துக்கும் நீ அக்கம்பக்கத்திலேயே ஓர் உதாரண ஆளைப் பிடித்தாய். மழை வந்தால் பாடும் வீட்டுக்காரி ரொமான்டிக். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைத் தவிர வேறு பேசாத கீழ்வீட்டுக்காரர் ரியலிஸ்ட்.

"எங்க செக்‌ஷன் ஆபீசர் மாடர்னிஸ்ட், ஏட்டி. எங்க ஆரம்பிக்காரு, எங்க முடிக்காருன்னு அவருக்கே தெரியாது."

நான் தப்பாகச் சொன்னால் மட்டும் உனக்குப் பொறுக்காது. புருவம் சுருங்கும். வாயில் இருக்கும் சோற்றை விழுங்கக்கூடக் காத்திராமல் திருத்துவாய்.

பல வருஷம் கழித்து உனக்கு மூளையின் இடப்பக்கம் கட்டி வந்தது. எடுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்குமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீ அப்போது மொழிபெயர்ப்பாளராகிவிட்டிருந்தாய். ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய்.

"முழிச்சதும் பேரைக் கேக்காத. பேரு கிளிகூடச் சொல்லும். வேர்ச்சொல்லு கேளு. சொல்லலன்னா உள்ள நான் இல்லன்னு வச்சுக்கோ."

"உளறாதே."

"அச்சா, கேப்பியா மாட்டியா?"

கேட்கிறேன் என்றேன்.

தலையைச் சுற்றிக் கட்டோடு நீ கண் திறந்தாய். "ஸ்பெக்ட்" என்றேன். என்னைப் பார்த்தாய். "ரப்ட்" என்றேன். மின்விசிறியைப் பார்த்தாய். மறுநாளும் அப்படியே. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த உன் அம்மா என் தோளைத் தொட்டார்.

"அவளப் போட்டு வருத்தாதம்மா. என்னைப் பாக்காள்ல, அது போதும் எனக்கு."

எனக்குப் போதவில்லை. உனக்கும் போதாது என்று எனக்குத் தெரியும்.

பார்வையாளர்களை வெளியேற்ற ஆரம்பித்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாத பயத்தில் உன் காதருகே குனிந்தேன்.

"'ஸ்க்ரிப்'னா தூங்கறது" என்றேன்.

உன் புருவம் சுருங்கியது. உதடு ஒரு பக்கமாக இழுத்தது. கோபம், அதே பழைய கோபம். "பஹன்ஜி, ஜல்தி" என்று நர்ஸ் என்னை அவசரப்படுத்தினாள். நான் நகரவில்லை.

"எழு... தறது" என்றாய்.

"என்ன சொல்லுதா? என்ன சொல்லுதா?" என்று உன் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "என்னைத் திருத்தறாம்மா" என்றேன்.

அதன்பின் சொற்கள் உனக்கு மெல்லத் திரும்பின, எல்லாம் அல்ல. கட்டியும் திரும்பியது. இரண்டாம் முறை நீ என்னை எதுவும் கேட்கச் சொல்லவில்லை.

நீ போய்விட்டாய்; இப்போது நான் ஒரு பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். வகுப்பு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் கேள்வி கேட்பதை விட்டுவிடுவேன். வேண்டுமென்றே ஒரு தப்பைச் சொல்லிவிட்டு, முகம் முகமாகப் பார்த்து நிற்பேன். எவளாவது ஒருத்தி புருவத்தைச் சுருக்கும்வரை எனக்கு மூச்சு சீராவதில்லை.