பெரிய ஏரி விடுதியின் பூட்டு

நீஜெப்பொலே,
மார்ச், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சோத்திருக்கு,

அன்புள்ள என்று எழுதவே கை வரவில்லை. வேறெப்படித் தொடங்குவது என்று தெரியாமல் எழுதினேன். பிள்ளை நலம், உன் அம்மா நலம். எனக்குத்தான் வயிறு எரிகிறது.

மலைமேல் பெரிய ஏரிக் கரையிலுள்ள நம் விடுதியை உன் அப்பா எந்தப் பனிக்காலத்திலும் பூட்டியதில்லை. அடுப்பருகே விறகும் தீப்பெட்டியும் வைத்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு இறங்குவார். பெலிஸ்டர் மலையுச்சியிலிருந்து பனியில் தடுமாறி வருகிறவன் எவனானாலும் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான். நீ மெல்பர்னில் உட்கார்ந்துகொண்டு, "கம்பளியெல்லாம் எவனோ தூக்கிட்டுப் போறான், பூட்டச் சொல்லு" என்றாய். உன் தம்பி ஸ்பாசே போய்ப் பூட்டினான். வேண்டாமென்று நான் கத்தியதற்கு, "அண்ணனே சொல்லிட்டாரு, நீங்க சும்மா இருங்க அண்ணி" என்றான்.

போன வாரம் சின்ன ஏரிப் பக்கம் இரண்டு மாணவர்கள் வழி தவறிவிட்டார்கள். தேடிப் போனவர் யார் தெரியுமா? நவும். நம் கல்யாணத்தில் சாட்சியாக நம் தலைக்கு மேல் கிரீடம் பிடித்து நின்றவர், நம் பிள்ளைக்குப் பெயர் வைத்தவர். அந்த மாணவர்கள் மறுபக்கமாக இறங்கி, பித்தோலா நகரில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். நவும் புயலில் நம் கதவுவரை வந்து சேர்ந்திருக்கிறார். பூட்டு! ஒரு ஜன்னலை உடைத்திருந்தால் போதும். உடைக்கவில்லை. மறுநாள் ஆட்கள் போய்ப் படியிலிருந்து தூக்கி வந்தார்கள்.

வலது காலில் பனியில் விறைத்துக் கருகிப்போன விரல்கள் அத்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான், "ஒரு கல்லெடுத்து அடிச்சிருக்கக் கூடாதா? என்ன மனுஷன் நீங்க!" என்று அழுதேன். "நான் கிரீடம் பிடிச்ச குடும்பத்தோட ஜன்னலை நானே உடைக்கிறதா? நல்லா இருக்கே கதை" என்று சிரிக்கிறார். சிரிக்கிறார், சோத்திர்!

நேற்று உனக்குப் போனில், நம் பூட்டிய கதவால் ஒருவருக்கு ஆபத்து என்று சொல்ல வாயெடுத்தேன். யாருக்கு என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்காமல், "பூட்டியிருக்குன்னு தெரியாம எவனோ போனா, அது நம்ம தப்பா?" என்றாய். போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம்; இதிலாவது நீ குறுக்கே பேச முடியாது.

இன்று காலை மேலே ஏறிப் போய்க் கோடரியால் பூட்டை உடைத்தேன். ஸ்பாசே அடுப்பருகே விறகை அடுக்கினான். என் பங்கு முடிந்தது. உன் பங்குக்கு நீ வா. வந்து அந்தக் கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலைப் பார்.

"சோத்திருக்கு எழுதிடாதம்மா, தூரத்துல இருக்கான், தாங்க மாட்டான்" என்று நவும் கேட்டுக்கொண்டார். எழுதிவிட்டேன். தாங்கிக்கொள்.

அந்த ஊரில் நீ போய் நிற்கிற கதவெல்லாம் உனக்குத் திறக்கட்டும்.

இப்படிக்கு,
மென்கா