பனிக்கோட்டின் பக்கத் தையல்

அந்துருண்டை வாடை இன்னும் என் வீட்டை விட்டுப் போகவில்லை. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் உன் தங்கை சேக்காட்டுக்கு வந்து, உன் பனிக்கோட்டை என் தையல் மிஷின் மேல் வைத்தாள். நீ போனப்புறம் அதை என்னிடம் கொடுக்கச் சொல்லியிருந்தாயாம்.

பிரித்ததும் கண் பக்கத் தையலுக்குத்தான் போனது. தையற்காரி புத்தி. அக்குளிலிருந்து இடுப்பு வரை இரண்டு பக்கமும் அறுத்து, ஏதோ முரட்டு நூலால் கோணல்மாணலாக மூட்டியிருந்தது. யார் என் தையலைப் பிரித்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது, பார்த்துக்கொள்.

தென் துருவத்துக்கு வானிலை அளக்கப் போன அந்தக் குழுவில் நீ ஒருத்திதான் பெண். அப்போது பெண்களுக்கென்று கோட்டு ஏது? ஆம்பளை அளவில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். கை நீளத்தை மட்டும் குறைக்கச் சொன்னாய். நான் சும்மா இருந்தேனா? கோணி மூட்டை மாதிரி போய் நின்றால் ஆவடி மானம் என்னாவது என்று, கேட்காமலே பக்கங்களையும் உள்ளே பிடித்து இறுக்கித் தைத்தேன். அளவு எடுத்தது உன் ரவிக்கை மேல். இந்த வெயிலில் உட்கார்ந்து தைக்கிறவளுக்கு வேறென்ன தெரியும்? போட்டுப் பார்த்துவிட்டு, "ரவிக்க கணக்கா சிக்குனு கீதுடி" என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊர் திரும்பிப் பத்து நாள் கழித்துத்தான் என்னைப் பார்க்க வந்தாய். இடது கையில் கட்டு. இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. பட்டாபிராமில் ரயில் கதவில் நசுங்கியது என்றாய். வாசலில் தொங்காதே என்று எத்தனை முறை சொன்னேன் என்று உன்னைத் திட்டித் தீர்த்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாய்.

உண்மையில் நடந்ததை, கோட்டைக் கொண்டுவந்த அன்றுதான் தங்கை சொன்னாள். கப்பலில் ஒரு ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு சரியாகத்தான் இருந்ததாம். பனியில் மூன்று போட்டபோது பொத்தான் சேரவில்லை. கருவிகளைப் பார்க்க வெளியே போயே ஆகவேண்டிய நேரம். கையுறையோடு பிளேடைப் பிடிக்க முடியாமல், கையுறையைக் கழற்றிவிட்டு என் தையலை ஒவ்வொன்றாக அறுத்திருக்கிறாய். நான் கெட்டித் தையல் போடுகிறவள். அறுத்து முடிப்பதற்குள் குளிரில் விரல் செத்துவிட்டது.

தங்கைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் ஏன் மறைத்தீர்கள் என்று அவளிடம்தான் கத்தினேன். ஆஸ்பத்திரியில் நீ சொன்னதை அப்படியே சொன்னாள்.

"தெரிஞ்சா அவ ஊசியத் தொட மாட்டா. புருஷனும் இல்லாம, ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு இன்னா பண்ணுவா? இப்பதான் அதுங்க தலையெடுத்துடுச்சே, சொல்லிடு."

இந்த மிஷினை வைத்துத்தான் இரண்டு பேரையும் கரையேற்றினேன். அத்தனை வருஷமும் உன் பொய்யை நம்பித் தைத்திருக்கிறேன். பாவி, சண்டை போடக்கூட நீ இல்லை.

நான்கு நாள் மிஷின் பக்கம் போகவில்லை. தொழிலையே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. விட்டால் நீ வாயை மூடிக்கொண்டிருந்ததெல்லாம் வீண் அல்லவா? இன்று காலை உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணின் சுடிதார். பக்கத் தையல் வரும்போதெல்லாம் மிஷினை நிறுத்திவிடுகிறேன். தைத்துக்கொண்டுதான் இருக்கிறேன், போ.